பதினோராவது வாரம்

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டு ஆல்பங்களின் விற்பனைப் பட்டியல் வரும்வரை எனக்குக் காபி இறங்காது. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அதனால் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன்.

வியாழன்வரை எது அதிகம் விற்றதோ அதுதான் வெள்ளியன்று முதலிடம். அதிக வாரங்கள் முதலிடத்தில் நின்றது அந்த ஆண்டின் ஆல்பம். என் தம்பியின் ஆல்பம் பிப்ரவரியில் நான்கு வாரம், ஜூனிலிருந்து ஆறு வாரம் நின்றது. 'குருவி' என்று கொண்டாடுகிறார்களே, அந்தப் பெண்ணுக்கும் பத்து. சமமானால் மொத்த விற்பனையைப் பார்ப்பார்கள்; அதில் அவள்தான் மேலே. அவள் மூக்கால் பாடுகிறாள் என்றால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

டிசம்பரில் தம்பி ஏழாவது இடத்தில் கிடந்தான். வானொலி நிலையங்களில் கெஞ்சினேன், கடை கடையாக ஏறி இறங்கினேன், தலைகீழாக நின்றும் பார்த்தேன், அசையவில்லை. அவனை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்றவள் நான். பதினோராவதாக இன்னும் ஒரு வாரம் கிடைக்காவிட்டால் நான் வாழ்ந்ததே வீண் என்று பட்டது. ஆண்டில் மிச்சமிருந்ததும் ஒரே வாரம்தான்.

ஆகஸ்டில் ஒரு பழைய பாடகர் விபத்தில் இறந்தார். எல்லோரும் மறந்துபோயிருந்த அவருடைய ஆல்பம் இரண்டே நாளில் முதலிடத்துக்கு வந்தது. அதைக் குறித்து வைத்திருந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குறித்து வைப்பது என் வழக்கம்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மேடை உடையில் பாக்கெட் புடைத்துத் தெரியும் என்பதால் இன்ஹேலர் எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். செவ்வாய் மதியம் ஒத்திகை அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அக்கா, அடுத்த வருஷம் நான் பாடல. உனக்காகத்தான் இவ்வளவு நாள் பாடினேன். போதும்க்கா" என்றான்.

சரி என்றேன். பிறகு தரையிலிருந்த பழைய கம்பளத்தை எடுத்து உதறினேன். அவனுக்கு இழுக்கத் தொடங்கியது. என் பையைக் காட்டிக் கை நீட்டினான்.

"மருந்து கார்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையோடு இறங்கினேன். கதவை வெளியே தாழிட்டது பழக்க தோஷம். காரில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் முதலிடத்தில் இருந்தான். எந்த ஆல்பமும் கிட்டே வரவில்லை.

பட்டியல் அலுவலகத்துக்கு போன் செய்தேன். அங்கிருந்த பெண் முதலில் துக்கம் விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "வருஷக் கணக்கு நவம்பர் கடைசி வாரத்தோட முடிஞ்சிடும்மா. இது அடுத்த வருஷத்துல சேரும்" என்றாள். இத்தனை வருடம் பட்டியல் பார்த்தும் இதை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. அடக்கத்தின்போது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பிறகு மனம் தேறிவிட்டது. தம்பியைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கு அவனுக்கு நல்ல தொடக்கம் கிடைத்திருக்கிறது. அதைக் கவனித்துக்கொள்ள என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.