எந்தப் படி என்று கேட்டவள்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் மலை மகளிர் கூட்டமைப்பின் தலைவி, அன்புச் சகோதரி சுதாராணி அவர்களே! மஞ்சக்குட்டையிலிருந்தும் கரடியூரிலிருந்தும் ஜீப்பில் இடிபட்டு, பனியில் நனைந்து, ஏற்காடு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! காப்பிப் பழம் பறித்த கறை கையில் காயும் முன்னே கிளம்பி வந்துவிட்ட என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஜீவானந்தம் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள் ஊராட்சிச் செயலராக இருந்தவன் நான். எத்தனை தீர்மானங்கள்! எத்தனை திருத்தங்கள்! நான் எழுதியதை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காததை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன மடமை!

செம்மநத்தம் பக்கம் ஓர் எஸ்டேட். சரிவிலே தொழிலாளர் குடியிருப்பு. கீழே இருப்பது கீழ்ப்படி. கல்படியும் காட்டுப்பாதையுமாக இரண்டு மைல் ஏறிப்போனால், மேலே இருப்பது மேல்படி. பஸ் வேண்டுமென்று கிராமசபையில் தீர்மானம் எழுதினேன். "கீழ்ப்படி குடியிருப்பு வரை பேருந்து நீட்டிக்கப்பட வேண்டும். மேற்படி குடியிருப்பில் பேருந்து நின்று திரும்ப வேண்டும்." வாசித்தேன். மேலே குடியிருப்பவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். புரிந்துவிட்டது உங்களுக்கு! 'மேற்படி' என்றால், முன்னே சொன்ன அதே இடம், அதாவது கீழ்ப்படி. அது ஆபீஸ் தமிழ். அவர்கள் காதில் விழுந்ததோ தங்கள் ஊர்ப்பெயர். மகிழ்ந்து கையெழுத்திட்டார்கள். பஸ் வந்தது, கீழேயே திரும்பிப் போனது.

மேல்படியில் காளியாயி என்றொரு தாய். எஸ்டேட்டில் கூலி வேலை. தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். மகள் மலர் பத்தாவது தேறி, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பஸ்ஸைப் பிடிக்கக் காட்டெருமை நடமாடும் பாதையில் இரண்டு மைல் இறங்க வேண்டும். தகப்பன் சித்தன் சொல்லிவிட்டார்: "பொட்டப்புள்ள தனியா போவ வேண்டாம். படிச்சது போதும்."

காளியாயி என்னிடம் வந்தாள். "ஏனுங்க, மேல்படிக்கு பஸ்ஸுன்னு வாசிச்சீங்களே, எங்கீங்க பஸ்ஸு?"

"அது ஆபீஸ் வார்த்தைம்மா. உனக்குப் புரியாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "புரியாததுக்குத்தானுங்க எங்ககிட்டக் கையெழுத்து வாங்குனீங்க?"

தாய்மார்களே, அந்தக் கேள்விக்கு அரசாங்கத்தின் எந்தக் கோப்பிலே பதில் இருக்கிறது? தீர்மானத்தின் நகலைக் கேட்டாள், கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் முதல் மகளுக்குத் துணையாகத் தானே இறங்கினாள். நகல் கையில். வழி நெடுக மலர் எழுத்துக் கூட்டிச் சொல்ல, தாய் திருப்பிச் சொன்னாள். பஸ் ஏற்றிவிட்டு, ஓட்டமாய் ஓடி வேலைக்குப் போனாள். மாலையில் முணுமுணுத்துக்கொண்டே சித்தன் போய் மகளை அழைத்து வந்தார். நடந்து நடந்து கற்றாள், தோழர்களே! நான்கு மாதம்! நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அடுத்த கிராமசபை வந்தது. பஸ்ஸுக்கான புதுத் தீர்மானத்தை, பழக்கம் விடாமல் அதே ஆபீஸ் தமிழில் எழுதி, நீட்டினேன். "இருங்க சாமி, வாசிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடறனுங்க" என்றாள். எழுத்தெழுத்தாய், விரல் வைத்து, உரக்க வாசித்தாள். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். ஒருவராவது எழுந்து போனார்களா? இல்லை! இருமியவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். 'மேற்படி' வந்ததும் விரல் நின்றது.

"இது எந்தப் படிங்க? எங்க ஊருப் பேரை எழுதுங்க. காப்பி மூட்டை ஏத்த மேல வரைக்கும் லாரி வருதுங்க. புள்ளைங்கள ஏத்த பஸ்ஸு வராதுங்களா?"

ஆர்ப்பரித்தது அவை! அடித்தேன், திருத்தினேன், எழுதினேன். இன்று பஸ் மேலே ஏறுகிறது. மலர் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஆம், தட்டுங்கள், அந்தத் தாய்க்காக நன்றாகத் தட்டுங்கள்!

ஆனால் கைதட்டலோடு நான் இறங்கிவிட்டால், நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். அன்று மாலை வீட்டுக்குப் போனேன். என் மனைவி புஷ்பலதா... அதோ, மூன்றாம் வரிசை. பத்தாண்டுகளுக்கு முன் அவரிடம் நான் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தேன். 'இங்கே போடு' என்றேன், போட்டார். அது அவருடைய அப்பன் உழுத காட்டில் அவர் பங்கை அண்ணன்மார்க்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். என்ன பத்திரம் என்று நான் சொல்லவில்லை. சபைக்கு வாசித்தவன், சம்சாரத்துக்கு வாசிக்கவில்லை!

அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். அவர் முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்:

"கேட்டிருந்தாலும் அண்ணமாருக்குக் குடுத்திருப்பனுங்க. ஆனா, குடுத்தது நானா இருந்திருப்பேன்."

இதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இதைச் சொல்லச் சம்மதித்து என்னை மேடைக்கு அனுப்பி வைத்த என் மனைவிக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.