வீட்டில் இல்லாதவரின் சம்பளம்

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். குறொன்லாண்ட் நிலையத்தில் நான் ஏறிய சுரங்க ரயிலில், எதிரே இருந்த அக்கா ஒருவர் ஒரு கடிதத்தை ஆட்டியபடி தன் தம்பியிடம் சொன்னார்:

“வெண்டிட்டன்! உன்னை வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டன்!”

“நான் திராமன் டவுனுக்கு வீடு மாறிப் போய் ரெண்டு வருசமெல்லோ, அக்கா?”

“நீ போனாய், விலாசத்தை மாத்தினியோ? கடிதமெல்லாம் அக்கா வீட்டை வரட்டுமெண்டு விட்டாய். உன்ரை சம்பளத்தையும் எங்கடை வீட்டு வருமானத்தோடை கூட்டி, வருமானம் கூடவெண்டு, அரசாங்கம் தந்த வாடகை உதவியைத் திருப்பிக் கேட்டவங்கள்.”

“இப்ப?”

“உன்ரை திராமன் வாடகை ஒப்பந்தத்தை அனுப்பினன். ஒரு குரோனர் காசும் திருப்பிக் கட்டத் தேவையில்லையாம்!”

“அப்ப எனக்குப் பார்ட்டி?”

“முதல்லை விலாசத்தை மாத்தடா!”

வீடு வந்ததும், போன வருடம் வேறு வீட்டுக்குப் போன உங்கள் சித்தப்பாவின் பெயரை நம் கடிதப்பெட்டியிலிருந்து கழற்றினேன்.