பொட்டலத்தோடு கொடுத்த மனு

இல்லீங்க சாமி, பிராது குடுக்க வரலீங்க. கையெழுத்துப் போட வந்தேன். தெனமும் பத்து மணிக்கு ஸ்டேசனுக்கு வந்து போடோணும்னு கோர்ட்டுல உத்தரவு. ரைட்டர் ஐயாவுக்கு என்னைத் தெரியுமுங்க, பெரியசாமி ரைட்டர். அவரு இல்லீங்களா? நோட்டு அந்த பீரோவுக்குள்ளதான் இருக்கும். சாவி அவருகிட்டயா? செரி செரி. டீக்குப் போயிருந்தா வந்துருவாரு. பந்தோபஸ்துக்குப் போயிருந்தாத்தான் சிரமம். இன்னிக்குக் கொஞ்சம் வெரசலாப் போகோணும், ஊட்டுல ஒறம்பரைச் சனமெல்லாம் வந்திருக்குது.

விசேசம்னு இல்லீங்க. சும்மா வந்திருக்காங்க.

நிக்கறனுங்க, பரவால்லை. உக்காரச் சொல்றீங்களா? இத்தனை நாளுல இங்க யாரும் உக்காருன்னு சொன்னதில்லீங்க. நீங்க புதுசு. ஆத்தூருப் பக்கமுங்களா? பேச்சுலயே தெரியுது. நாங்க புதுச்சத்திரத்துக்கு மேக்க. மூணு ஏக்கரா காடு, குச்சிக்கெழங்கு போட்டிருக்கறேன். பேரு சென்னியப்பனுங்க.

என்ன கேசா? கஞ்சா கேசுங்க.

ஆமாங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பாத்தாத் தெரியலைன்னு. எனக்குப் பீடிப் பழக்கங்கூடக் கெடையாது. அது என்ற ஊட்டுக்காரிக்கு. பாவாயின்னு பேரு. கருப்பையில புத்து. பெரியாஸ்பத்திரியில இருவத்தஞ்சு நாளு கரண்டு வெச்சாங்க. அப்பறம் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. வலிக்கு மாத்திரை குடுத்தாங்க. முழுங்குனா வாந்தி. வாந்தி நின்னா வலி. ஒரு வாய் கஞ்சி உள்ள நிக்காதுங்க. காஞ்ச சோளத்தட்டாட்டம் ஆயிட்டா.

அப்பத்தான் ஒரு வைத்தியரு லேகியம் குடுத்தாரு. அவரு பேரு வேண்டாங்க, அடிச்சுக் கேட்டப்பவே நான் சொல்லலை. கஞ்சா எலைய ஏழு தண்ணி மாத்திக் கழுவி, பால்ல வேக வெச்சு, கருப்பட்டி சுக்கெல்லாம் போட்டுக் கிண்டுவாரு. சுண்டக்கா அளவுதான். மொத நாளு அதை முழுங்கி ஒரு மணி நேரம் இருக்கும், எந்திரிச்சு உக்காந்து, கஞ்சி இருக்குதான்னு கேட்டா. நெசமுங்க. ரெண்டு மாசமா வாயத் தொறந்து ஒண்ணுங் கேக்காதவ, தொட்டுக்க மாங்கா இருக்குதான்னு வேற கேட்டா. பக்கத்துக் காட்டுல ஏறித் திருடிட்டு வந்தேன். நாயமாப் பாத்தா அதுக்குத்தான் என்மேல கேசு போட்டிருக்கோணும்.

ஒரு வருசம் அப்படியே போச்சுங்க. சீக்கு தீரலை, தீரும்னு அவரும் சொல்லலை. ஆனாச் சாப்புட்டா, தூங்குனா, என்னை வைய ஆரம்பிச்சா. அவ வைஞ்சா எனக்குத் தெம்பு.

வைத்தியரு முந்தி இந்த எலைக்குச் சர்க்காரு லைசென்சு வெச்சிருந்தாருங்க. வருசா வருசம் புதுப்பிச்சுக் குடுப்பாங்க. எம்பத்தஞ்சுல டெல்லியில புதுச் சட்டம் போட்டாங்கல்ல, அதுக்கப்பறம் புதுப்பிச்சுத் தரலை. அவரு பயந்துக்கிட்டாரு. கடைசியா ஒரு டப்பா லேகியமும் ரெண்டு கை எலையும் குடுத்து, இனி என்ற வாசலுக்கு வராதீங்க, சீக்காளிக்குன்னு தனியாப் பர்மிட்டு எதாச்சும் இருக்கும், போயி ஆபீசுல கேளுங்கன்னாரு.

கேட்டனுங்க. தாலூக்கா ஆபீசுல, அது மதுவெலக்கு ஆபீசுன்னாங்க. அங்க போனா, டாக்டர் சீட்டு கொண்டாங்கன்னாங்க. டாக்டரய்யா நல்ல மனுசன். நான் படிச்ச படிப்புல இந்த மருந்தே இல்லையே, எப்படிப்பா எழுதறதுன்னாரு. சித்த வைத்திய டாக்டர் ஒருத்தரு எழுதறேன்னாரு, ஆனா எழுதுனா வாங்கறதுக்கு எடம் வேணும், எடம் எங்கன்னு எனக்கே தெரியாதுன்னாரு. மருந்து இன்ஸ்பெக்டர்னு ஒருத்தரு, அவரு, மேல இருந்து உத்தரவு வந்தாத் தரலாம்னாரு. மேலன்னா எங்கைங்கன்னு கேட்டேன். பேன் சுத்திட்டிருந்துச்சு, அதைப் பாத்தாரு.

முடியாதுன்னு ஒருத்தரும் சொல்லலீங்க. முடியும்னும் சொல்லலை. டப்பா பாதிக்கு வந்துருச்சு. அவ அந்தச் சுண்டக்கா உருண்டையப் பாதியாக் கிள்ளித் திங்க ஆரம்பிச்சுட்டா.

அப்பறந்தான் திங்கக்கெழமை பெரிய ஆபீசுல மனு வாங்கறாங்கன்னு போனேன். வெளியில வேப்பமரத்தடியில ஒருத்தரு மனு எழுதிக் குடுத்தாரு. எத்தனை நாளாச் சாப்படறாங்க, எவ்வளவு சாப்படறாங்க, எல்லாம் ஒளிக்காமச் சொல்லு, அப்பத்தான் பாவப்படுவாங்கன்னாரு. எல்லாஞ் சொன்னேன். அழகான எழுத்துங்க அவருக்கு.

நான் பண்ணுன தப்பு அதுக்கு மேலதான். நீங்களே சொல்லுங்க, எங்களாட்டம் பண்ணையம் பாக்கறவன் எந்த ஆபீசுக்கு வெறுங்கையோட போறான்? ஜவ்வரிசி மில்லுக்குக் கெழங்கு போட்டா, லோடுல இருந்து நாலு கெழங்கு எடுத்து மாவுப் பாயிண்டு பாத்துத்தான் வெலை சொல்லுவாங்க. மண்ணு பாக்கற ஆபீசுக்குப் போனா மண்ணு எங்கைய்யாம்பாங்க. செடிக்குச் சீக்குன்னு போனா, எலையப் பறிச்சுட்டு வராம என்ன மசுருக்கு வந்தேன்னு விவசாய ஆபீசரு சத்தம் போடுவாரு. மூணு மைலு திரும்பி நடந்து போயி எலை பறிச்சுட்டு வந்திருக்கறேன். அந்தப் புத்திதானுங்க. மனுவோட ஒரு பொட்டலத்துல நாலு எலையும், கொட்டப்பாக்கு அளவு லேகியமும் வெச்சு, நூலு போட்டுக் கட்டிக் குடுத்துட்டேன். சாம்பிளு.

சிரிங்க, சிரிங்க, தப்பில்லை. எல்லாருந்தான் சிரிச்சாங்க.

மனு வாங்குன ஐயா முழுசாப் படிச்சாரு. படிச்சுட்டுப் பொட்டலத்தப் பிரிச்சாரு. மோந்து பாத்தாரு. இது என்னப்பான்னாரு. அதானுங்க மருந்து, பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு அனுமதி குடுங்கன்னேன். என்னையப் பாத்தாரு, எலையப் பாத்தாரு. உக்காருப்பான்னாரு. டீ குடுக்கச் சொன்னாரு. நான் என்ன நெனச்சேன், உள்ள பர்மிட்டு டைப்படிக்கறாங்கன்னு நெனச்சேன். டொக்கு டொக்குன்னு சத்தங் கேட்டுச்சு. ரெண்டு போலீசு வந்து நின்னாங்க. குடிச்சுட்டே வா, ஒண்ணும் அவசரமில்லைன்னாங்க. குடிச்சேன். சக்கரை எச்சாப் போட்டிருந்தாங்க.

அந்த மனுவே கேசுக்குச் சாட்சியாப் போச்சுங்க. ஒரு வருசமாத் தின்னது, ஊட்டுல மிச்சம் இருக்கறது, எல்லாம் நானே சொல்லி எழுத வெச்சு, கைநாட்டு இல்லாமக் கையெழுத்தாப் போட்டுக் குடுத்திருக்கறேன். அன்னிக்குச் சாயந்தரமே ஊட்டைச் சோதனை போட்டு டப்பாவ எடுத்தாங்க. அவ தலைமாட்டுல இருந்துச்சு. ஒரு உருண்டை மட்டும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சாமின்னு கேட்டிருக்கா. ஒரு ஏட்டய்யா குடுக்கலாமான்னு திரும்பிப் பாத்தாராம், இன்ஸ்பெக்டர் ஐயா எண்ணியாச்சுன்னுட்டாராம். அரக்கு முத்திரை போட்டு இங்க அந்த ரூம்புலதான் வெச்சிருக்காங்க. கதவு தொறந்திருந்தா இங்கிருந்தே தெரியும். மேலத் தட்டு.

பதினெட்டு நாளு உள்ள இருந்தேன். சாமீன் குடுத்தப்பத்தான் இந்தக் கையெழுத்து. பதினோரு மைலு பஸ்ஸுல வந்து, போட்டுட்டு, ஊடு போய்ச் சேர மணி ஒண்ணாயிரும். அதுவரைக்கும் எங்கக்கா கந்தம்மா பாத்துக்கும். வலிக்கு ஊசி இருக்குதாமுங்க, ஆனா அந்த ஊசிக்கும் இதே சட்டமாம். மெட்ராசுல ஒரு ஆஸ்பத்திரியிலதான் கெடைக்கும்னு டாக்டரய்யா சொன்னாரு. கூட்டிட்டுப் போக நாலு நாளு கையெழுத்துல இருந்து விடுதலை குடுங்கன்னு வக்கீலு மனுப் போட்டாரு. இந்தத் தடவை பொட்டலம் எதும் வெச்சயான்னு குமாஸ்தா என்னைய நக்கலடிச்சான். ரெண்டு வாய்தா போச்சு. இன்னொண்ணு வர்ற வெள்ளிக்கெழமை.

சாராயக் கேசுல காளியப்பன்னு ஒருத்தன் எங்கூடக் கையெழுத்துப் போடுவான். அவன் எனக்குப் பேரே வெச்சுட்டான். அதிகாரிக்கே கஞ்சா ஊட்டுன அண்ணன் வர்றாரு, எடம் வுடுங்கடாம்பான். நல்ல பையன்தான். பாவாயிகிட்டச் சொன்னேன். வவுத்தப் புடிச்சுட்டுச் சிரிச்சா. வலியில புடிச்சாளா, சிரிப்புல புடிச்சாளான்னு தெரியலை.

வராம இருந்தா என்ன ஆகும்னு கேக்கறீங்களா? ஒருக்கா இருந்து பாத்துட்டனுங்க. போன மாசம் அவளுக்கு ரத்தமாப் போச்சு, வுட்டுட்டு வர முடியலை. மறுநாளு வெடிய ஜீப்பு வந்துருச்சு. சாயந்தரம் வரைக்கும் இங்கயே, அந்தச் செவுத்தோரமா உக்கார வெச்சுட்டாங்க. இனி ஒரு நாளு தவறுனாச் சாமீனு ரத்து, நேரா உள்ளதான்னாங்க. அதான், எது எப்படியிருந்தாலும் வந்துருவேன்.

இப்ப எப்படி இருக்கறாங்களா? இன்னிக்கு வலி இல்லீங்க.

அதோ, வந்துட்டாரு. கும்புடறனுங்க ரைட்டர் ஐயா. பத்துக்கே வந்துட்டனுங்க, இவரையே கேளுங்க. புதுசா வந்திருக்கற ஐயா, தங்கமான மனுசன், உக்கார வெச்சுப் பேசிட்டிருந்தாரு. எங்கைங்க, இந்தக் கோட்டுலயா? போட்டுட்டனுங்க. தேதி நீங்களே போட்டுக்கோங்க, எனக்கு இன்னிக்கு என்ன தேதின்னு நெனப்பில்லை.

ஐயா, ஒண்ணு கேக்கோணுமுங்க. நாளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் தாமசமா வரட்டுங்களா? காத்தால சுடுகாட்டுக்குப் போயிப் பால் தெளிச்சு எலும்பு பொறுக்கோணும்.

பாவாயிக்குத்தானுங்க. இன்னிக்கு வெடியக்காலம் அஞ்சு மணிக்கு. ஊட்டுல கெடத்தியிருக்குது. நான் போனப்பறந்தான் எடுப்பாங்க, பறைக்குச் சொல்லியாச்சு. இல்லீங்க, இன்னிக்குப் போட்டாச்சே, அது ஒண்ணும் பிரச்சனை இல்லை. நாளைக்குத்தான் கேக்கறேன். பதினொண்ணுக்கு வந்தாச் செரிங்களா?