வேதாவின் வெள்ளை டப்பாக்கள்

சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எப்படித் தேய்த்தாலும் மஞ்சள் போகாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம் மேடம். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கும். மூடி ஒரு பக்கம் எழும்பி நிற்கும், தூக்கிப் போடவும் மனசு வராது. அதைத் தூக்கிப் போடச் சொல்கிற ஆள் நான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, பந்தியில் உட்காருவதற்கு முன் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டி, சூடான ரசத்தை எதில் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் டப்பா ராமன். முழுப் பெயர் கோதண்டராமன். எழுதிக்கொள்ளுங்கள்.

கோயில் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் தலை நரைக்கும்வரை விற்பனையில் நின்றவன் நான். எந்தத் தூக்கு ஒழுகும், எந்த மூடி இறுகும் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன். முதலாளி போனதும் அவர் பிள்ளைகள் கடையை மொபைல் கடையாக மாற்றினார்கள். எனக்கு மொபைலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படித்தான் வேதாவிடம் வேலைக்கு வந்தேன்.

வேதா என் தம்பி கோபியின் மனைவி. கோபி ஓசூரில் வேலையில் இருக்கிறான். இங்கே வேதா வீட்டிலிருந்தே சாப்பாட்டுத் தொழில் செய்கிறாள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குச் சில நாள் சாப்பாட்டை மொத்தமாகச் சமைத்து, ஆறவைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரிஜ்ஜில் குளிரவைத்துக் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் தினம் ஒன்றை எடுத்துச் சூடு பண்ணிக்கொள்ள வேண்டியது. ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அவள் வாங்கி வைத்திருந்தது வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. முதல் நாளே ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் ஐந்து என்று போட்டிருந்தது. சாப்பாடு வைக்க ஆகிற ரகம்தான், சூடு தாங்கும், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கூடாது என்று சொன்னேன். அதைச் சொல்லத்தானே நான் இருக்கிறேன். கண்ணாடி நல்லது என்றேன், எவர்சில்வர் அதைவிட நல்லது என்றேன். இணையத்தில் எதையெல்லாமோ தேடி, தூங்காமல் உட்கார்ந்து படித்து, கடைசியில் சென்னையிலிருந்து கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பாக்களை நானே வரவழைத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை. என் மனைவி இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

வேதா மரியாதைக்காக அவற்றைக் கொஞ்ச நாள் பயன்படுத்தினாள். மைக்ரோவேவில் வைக்க முடியவில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, கிளிப்பைத் திறக்கும்போது நகம் உடைகிறது என்று புகார் வந்தது. ஒரு நாள் ரசம் கீர்த்தனாவின் லேப்டாப் பையிலேயே கொட்டிவிட்டது. கீர்த்தனா பெங்களூர் கம்பெனிக்கு இங்கே அறையிலிருந்தே வேலை செய்கிற பெண். சாப்பிடுவதைப் படம் எடுத்துப் போடுவாள். அதைப் பார்த்துத்தான் வேதாவுக்குப் பாதி வாடிக்கை வந்தது. அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, கோபப்படாமல், சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வேதாவும் சிரித்தாள்.

"என்னம்மா பண்றது, மாமா டப்பாவப் பாக்குறாரு, நான் சோத்தப் பாக்குறேன்" என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் வெள்ளை டப்பாக்கள் திரும்பி வந்தன, என்னுடையவை பரணுக்குப் போயின. இதற்காகவா என்று கேட்கிறீர்கள். இதற்காகத்தான் மேடம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

நான் கெட்ட மனிதன் இல்லை. ஒருத்திக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போக வேண்டும், அந்தப் பழி டப்பா மேல் விழ வேண்டும், வேதா என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கீர்த்தனாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வயசுப் பெண், ஆரோக்கியமானவள், தாங்குவாள். ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி எழுதவும் செய்வாள். இவ்வளவு பொறுப்பாக யோசித்துத்தான் செய்தேன்.

பௌர்ணமி எனக்கு வசதியாக அமைந்தது. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் செங்கம் சாலையில் சைக்கிள்கூட விட மாட்டார்கள். அதனால் பௌர்ணமிக்கும் அடுத்த நாளுக்கும் சேர்த்து முதல் நாளே டப்பாக்களைக் கொடுத்துவிடுவோம். அன்று தேங்காய் சாதம், கீரைக் கூட்டு. காலையிலேயே ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி என்னிடம் கொடுத்தாள். மற்ற எல்லாருக்கும் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். கீர்த்தனாவின் டப்பாவை மட்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டி, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம். பொழுது சாய எழுந்து, அதை என் வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்கி, அதற்கப்புறம்தான் கொண்டுபோனேன். சில்லென்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்கள் மலையைச் சுற்றி முடிக்கும்வரை பட்டினி கிடப்பார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். என் மனைவியே இருப்பாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெங்களூர்ப் பெண் விரதம் இருக்கும் என்று யார் கண்டது? அவள் முதல் தடவையாக விரதம் இருந்து, மத்தியானமே நடக்கக் கிளம்பிவிட்டாள். போகும்போது, சாப்பாடு வீணாகிறதே என்று அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மணியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல மனசு.

மணிக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீரகமும் பழுது. மெலிந்த உடம்பு. பொழுது சாய வாந்தி ஆரம்பித்து, பிறகு நிற்கவே இல்லை. மாடியில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அது வந்தது, ஆனால் லட்சம் ஜனம் நடக்கிற சாலையில் எப்படி உள்ளே வரும்? இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் வழி விட்டார்கள். ஆனாலும் வண்டியை எட்டுவதற்குள் மணிக்குப் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து வேதாவின் சமையலறைக்குச் சீல் வைத்தார்கள். மணியின் மகள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். வேதா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணின் காலில் விழுந்தாள். அன்று முழுக்க அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்க மாமா. நான்தான் கேக்கல. என்னாலதான் ஒரு உசுரு போச்சு" என்றாள்.

மேடம், அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். அவள் தலையைத் தடவிக்கொடுத்து, பரவாயில்லை, இனிமேல் எவர்சில்வரில் கொடுக்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். இனிமேல் என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று பரிசோதனை அறிக்கை வந்ததாக கோபி போனில் அழுதான். டப்பாவில் குறை இல்லையாம். சாதம் வெகுநேரம் குளிரில்லாமல் இருந்ததுதான் காரணமாம். சமைத்தவளின் அலட்சியம் என்று எழுதி, நீங்கள் வேதாவைக் கைது செய்யப் போகிறீர்களாம். அதனால்தான் வந்தேன். வேதா அலட்சியக்காரி இல்லை. சாதத்தை விசிறிக்கு அடியில் பரப்பி ஆறவைக்காமல் ஒருநாளும் மூடி போட்டதில்லை. அவ்வளவு கவனமாக நான் செய்த வேலையை இன்னொருத்தியின் அலட்சியம் என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்தீர்களா, இங்கே வந்தும் பெருமை போகவில்லை.

பௌர்ணமியன்று நான் அந்தப் பக்கம் போனது உண்மை. கீர்த்தனாவுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவரலாம் என்று கூட்டத்தோடு நடந்து போனேன். நான் போனபோது மணி சாப்பிட்டு முடித்துவிட்டார், டப்பா காலியாக இருந்தது என்று முன்பு உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். எதிர் விடுதியின் கேமராவில் வேறு மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். சரி. கேமராவோடு நான் சண்டை போட முடியாது.

நான் போனபோது அவர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். "பாப்பா விரதமாம்ணே. வீணாப் போவுதுனு சூடு பண்ணி எங்கிட்ட குடுத்துட்டுப் போச்சு. வேதாம்மா சமையலாச்சே, வேணாம்னு சொல்ல முடியுங்களா" என்றார். தட்டிவிட்டிருக்கலாம். கெட்டுப்போன வாடை அடிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பிழைத்திருப்பார். ஆனால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதை யோசித்துக்கொண்டே பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பாதி சாப்பிடும்வரை யோசித்தேன்.

தனியாகச் சாப்பிடக் கூச்சப்பட்டு, எனக்கும் ஒரு பிடி எடுத்து நீட்டினார். வீட்டில் இப்போதுதான் சாப்பிட்டேன், ஆறுவதற்குள் நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன்.