மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலிகள்

இசைக்குழுவில் குறைவாக வாசிப்பவனுக்குத்தான் வேலை அதிகம். நாற்காலி அடுக்குவது, இசைத்தாள் நிறுத்திகளைத் தூக்கி வைப்பது, கைப்பேசிக் கூடையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. யோகேந்திரன் அண்ணே, நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். கூடையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

சிம்பொனி இசைக்குழு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம். இரண்டு கிரெடிட். எழுத்துத் தேர்வு இல்லை. பருவக் கடைசியில் பெற்றோர் முன்னால் நடத்தும் கச்சேரிதான் தேர்வு. அதற்கு வராதவருக்கு மதிப்பெண் இல்லை. கச்சேரி நடக்காவிட்டால் நாற்பத்திரண்டு பேருக்கும் இல்லை.

உங்கள் தங்கை சாந்தினி ஓபோ வாசித்தாள். அது கறுப்பாக, மெல்லிய நாகஸ்வரக் குட்டி போல இருக்கும். கச்சேரி தொடங்குமுன் ஓபோ ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சுருதி சேர்ப்பார்கள். எங்களிடம் ஓபோ ஒன்றுதான் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவளும் ஒருத்திதான்.

நான் சிம்பல், இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். கடைசியாக வாசித்த நீண்ட படைப்பில் எனக்கு ஒரே ஒரு அடி. அதுவரை நாலு நாலு எண்ணிக்கையாக இருநூற்றுப் பதினொரு முறை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். பயிற்சியில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. எங்களை நடத்தும் பேராசிரியர் டாக்டர் லிம் அதைக் குழுவின் முன்னால் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் லூனாஸிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நான் படிக்கும் இடத்துக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் முறை. அப்பா லாரி ஓட்டுகிறார். மண்டப வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டேய் சசி, ரெண்டு மணி நேரத்துல ஒரே ஒரு தட்டாமே? பஜனையில ஜால்ரா தட்டுறவன்கூட இத விட ஜாஸ்தி தட்டுவான் லா."

"அந்த ஒரு தட்டு இல்லன்னா எல்லாம் கெட்டுப்போகும்ப்பா."

"அப்ப நல்லா தட்டு. நான் தூங்கிட்டேன்னா அதுலதான் எந்திரிக்கணும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மணி இரண்டரை இருக்கும்.

கைப்பேசிகளைக் கூடையில் வாங்கி, பெரிய முரசின் அடியில் வைத்திருந்தேன். எப்போதும் அங்கேதான் வைப்பேன். ஒரு கைப்பேசி அதிர்ந்தால் முரசின் தோலும் சேர்ந்து உறுமும். அன்று அது விடாமல் உறுமியது. சத்தத்தை நிறுத்தத்தான் எடுத்துப் பார்த்தேன். சாந்தினியுடையது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. அழைப்பை எடுத்தேன்.

சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று பின்னால் சாந்தினியிடம் சொன்னேன். நன்றாகவே கேட்டது.

"பாப்பா, எங்க இருக்க? அப்பாவுக்கு நெஞ்சு வலிம்மா. சட்ட மாட்டிக்கிட்டு இருந்தாரு, அப்படியே உக்காந்துட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம்."

நான் சாந்தினியோடு படிக்கிறவன் என்று சொன்னேன்.

"தம்பி, அவகிட்ட சொல்லுப்பா. ஒடனே வரச் சொல்லு. அப்பா அவளத்தான் கேக்குறாருன்னு சொல்லு."

"சொல்றேன் ஆன்ட்டி," என்றேன்.

சாந்தினி மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஓபோவின் சீவாளியான நாணல் பட்டையை வாசிக்குமுன் எச்சிலில் ஊறவைக்க வேண்டும். அது வாயில் இருந்தது. அந்த நேரத்தில் ஓபோக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நான் கொடுக்கவில்லை.

ஓபோ இல்லாமலும் சமாளித்திருப்போம், அந்த இடங்களைக் கிளாரினெட் வாசித்திருக்கும் என்று டாக்டர் லிம் உங்களிடம் சொன்னாராம். இப்போது சொல்கிறார். நான் அப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது. வளாகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் இருபது நிமிடம். அவள் போனால் திரும்பி வரமாட்டாள். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் நாற்பத்திரண்டு பேர்.

மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலிகளில் பரஞ்சோதி, குணவதி என்று உங்கள் பெற்றோரின் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவன் நான்தான். என் பெற்றோருக்குக் கிடைத்தது கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். நல்ல நாற்காலிகள் சும்மா கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை. தாள்களை எடுத்துவிட்டு அப்பாவையும் அம்மாவையும் அங்கே உட்காரவைத்தேன்.

அதில் இன்னொரு நன்மை இருந்தது. விளக்கு கண்ணில் அடிக்கும்போது மேடையிலிருந்து முகம் தெரியாது, தலைகள் மட்டும் தெரியும். சாந்தினி உட்கார்ந்ததும் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். இரண்டு தலைகள் இருந்தன. பிறகு சுரத்தைக் கொடுத்தாள். அத்தனை அசையாத சுரத்தை அவள் பயிற்சியில் கொடுத்ததில்லை. எல்லோரும் சரியாகச் சேர்ந்தோம்.

முதல் பாதி நன்றாகப் போனது. இடைவேளையில் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சசி, அப்பா வந்துட்டாராடா? லேட்டாக்குவாருன்னு நெனச்சேன். இஸ்திரி போடுறேன்னு காலையில இருந்து ஒரே அலப்பறையாம்."

"ரெண்டு சீட்டும் ஃபுல் லா. பார்த்தீல்ல?"

"போய்ப் பார்த்துட்டு வரட்டா?"

"டாக்டர் லிம் கத்துவாரு. முடிஞ்சதும் பாரேன்."

இதில் எது பொய் என்று நீங்கள் கேட்டால் எனக்குக் காட்டத் தெரியாது.

அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் முரசு மறுபடி உறுமியது. மூன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரம் அவள் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

"தம்பி, கெளம்பிட்டாளா?"

உங்கள் அம்மாவுக்குக் குரல் உடைந்திருந்தது. அந்த நிலையில் ஒருவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கெளம்பியாச்சு ஆன்ட்டி. வழியில ஜாம்."

"எவ்வளவு நேரமாகும்ப்பா? மூச்சு ரொம்ப வாங்குது. கொழாய் போடணும்னு டாக்டர் சொல்றாரு. போட்டா பேச முடியாதாம். இவரு மக வரட்டும், ரெண்டு வார்த்த பேசிட்டு அப்புறம் போடுங்கன்னு கைய மறிக்கிறாரு. டாக்டர் திட்டுறாரு தம்பி. நான் என்ன சொல்ல?"

நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

"பத்து நிமிஷம் ஆன்ட்டி. பத்து நிமிஷத்துல வந்துருவா."

அவர் கைப்பேசியை வைக்காமலே உங்கள் அப்பாவிடம் சொல்வது கேட்டது. "பத்து நிமிஷமாம்ங்க. வந்துகிட்டே இருக்கா." உங்கள் அப்பா ஏதோ சொன்னார். சொல் புரியவில்லை. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நான் கொடுத்தேன் என்று எண்ணிக்கொண்டு கைப்பேசியைக் கூடையில் போட்டேன்.

கூடைக்கு அடியில் துண்டு ஒன்றை மடித்து வைத்தேன். அதன்பின் முரசு உறுமவில்லை. இரண்டாம் பாதியில் கைப்பேசியின் வெளிச்சம் பல முறை வந்து போனது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும்போது வேறு எதையும் பார்க்க முடியாது.

உங்கள் அப்பா நாலு இருபத்தைந்துக்குப் போனார் என்று பின்னால் தெரிந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் குழாயைத் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். உடனே போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அவர் யாருக்காகக் காத்திருந்தார், யார் சொல்லைக் கேட்டுக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதை நான் மறுக்கவில்லை. சாந்தினியை நான் அனுப்பியிருக்கலாம். வரமாட்டாள் என்று உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால்கூட உங்கள் அப்பா குழாய்க்குச் சம்மதித்திருப்பார். இரண்டையும் நான் செய்யவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று உங்கள் அம்மா உங்களையும் ஒன்பது முறை அழைத்தார். நீங்கள் கூலிமில் வேலையில் இருந்தீர்கள். கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. ஆறு மணிக்குத்தான் பார்த்தீர்கள். அதற்காக உங்களை யாரும் எதுவும் எழுதித் தரச் சொல்லவில்லை. நானும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. வேலை நேரம் வேலை நேரம்தான்.

சிம்பலை நான் சரியான இடத்தில் அடித்தேன். என் அப்பா விழித்துத்தான் இருந்தார். மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டர் லிம் ஓபோவைத் தனியாக எழுந்து நிற்கச் சொன்னார்.

உடனே ஏன் சொல்லவில்லை என்பது உங்கள் கடைசிக் கேள்வி. கச்சேரி முடிந்ததும் குழுப் படம் எடுப்பது வழக்கம். ஒருவர் அழுதுகொண்டு நின்றால் அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள். அதனால் நாலு ஐம்பதுக்குப் படம் எடுக்கும்வரை பொறுத்தேன். அதன்பின் கூடையைக் கொண்டுபோய், முதல் ஆளாக அவளிடம்தான் கைப்பேசியைக் கொடுத்தேன்.

படம் இப்போது இசைத் துறையின் நடைபாதையில் இருக்கிறது. நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள். முன் வரிசையில், இடமிருந்து ஏழாவது சாந்தினி. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அவள் எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அது. எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறாள் என்று பாருங்கள். அந்த இருபத்தைந்து நிமிடங்களை அவளுக்குக் கொடுத்தவன் நான். இதுவரை யாரும் அதற்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.