நாற்பது காலியாக இருந்தது

எனக்குச் சத்தமாகப் பேச வராது. கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். பள்ளியில் வருகைப் பதிவின்போதுகூட நான் கையைத்தான் தூக்குவேன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். வேலை தெரிந்தவள் ஒருத்தி. பதவியில் அவள்தான் கடைசி. எங்கள் மேலாளர் எதைக் கேட்டாலும் "பாத்தாச்சு" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு முகவரி எண் உண்டு. இரண்டு சர்வர்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால், வருகிற செய்தி ஒரு நேரம் இதற்குப் போகும், ஒரு நேரம் அதற்குப் போகும். ஓர் எண் காலியா என்று தெரிந்துகொள்ளப் பாத்தாச்சு ஒரு வழி வைத்திருந்தார். அந்த எண்ணுக்கு ஒரு பிங் அனுப்புவார், 'இருக்கிறாயா' என்று கேட்கிற சின்னச் செய்தி அது. பதில் வராவிட்டால் காலி. அணைத்து வைத்த சர்வரும் பதில் சொல்லாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. எண்களைப் பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்று பதினோரு பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அது அவருடைய காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

"ஏம்மா, கதவைத் தட்டுறோம். யாரும் குரல் கொடுக்கலை. அப்போ காலி வீடு. இதுக்குப் பதினோரு பக்கமா? வாயில பேசாததை எல்லாம் பேப்பர்ல பேசிடுறே."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர் பிரிண்டர்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மந்தபுத்திக்காரர்களுக்குப் படித்துக் காட்டினால் ஏறாது, நடத்திக் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது.

இதய நோயாளிகள் தனித்தனி அறையில் இருப்பார்கள். கட்டில் பக்கத்துக் கருவி, தூக்கம் கெடாமலிருக்க, மெதுவாகத்தான் கத்தும். துடிப்பு தவறினால் அது நாற்பதாம் எண் சர்வருக்குச் சொல்லும். அந்த சர்வர் செவிலியர் மேசையில் மணி அடிக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, புதுப்பிப்பதற்காக அதை அணைத்தேன். முறையாக அனுமதி வாங்கியிருந்தேன். அந்தக் கால் மணி நேரமும் அறைக்கு ஒருவராகச் செவிலியர்கள் நின்றார்கள்.

அதற்குச் சற்று முன், கேபிள் சரிபார்க்க ஏழாம் அறைக்குப் போயிருந்தேன். படுத்திருந்தவர் பஸ் டிரைவர். அவர் மனைவி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இது கத்துனா வெளியில இருக்கிறவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்க்கா."

நான் திரும்பி வந்து சர்வரை அணைத்த நேரத்தில் பாத்தாச்சு, ஸ்கேன் படங்களுக்கான புது சர்வரை இணைத்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்குப் பிங் அனுப்பினார். பதில் இல்லை. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டார். பத்தே கால் மணிக்கு நான் என் சர்வரை எழுப்பினேன். உடனே அவர் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்தது. இந்த முகவரியை இன்னொரு கருவியும் பயன்படுத்துகிறது என்று அதில் எழுதியிருந்தது. அவர் படிக்காமலே மூடினார்.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்த எண் பதில் சொன்னால், வேறு யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அது எந்தக் கேபிள் வழியாக வருகிறது என்று பார்த்தால் முடிந்தது. நான்கு நிமிட வேலை.

பத்தே முக்காலுக்கு மூத்த செவிலியர் போன் செய்தார். மணி விட்டு விட்டு வருகிறதாம், செவிலியர்கள் மறுபடி அறைகளில் போய் நிற்கிறார்களாம். பாத்தாச்சு அவர்களுடைய மேசைக் கணினியை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு எலி கடித்திருக்கும் என்று மேல்கூரைப் பலகையைக் கழற்றினார். மூன்று ஆண்கள் ஒரு ஏணியைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பதினொரு மணிக்கு மணியை ஒரு தரம் சோதித்தார். அந்த ஒரு தரம் அடித்தது. "பாத்தாச்சு, சரியாயிடுச்சு" என்று செவிலியருக்குப் போன் செய்தார். அவர்கள் மேசைக்குத் திரும்பினார்கள்.

பதினொன்று இருபதுக்கு ஏழாம் அறையின் எச்சரிக்கை ஸ்கேன் சர்வருக்குப் போனது. அதை வைத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு டிரைவரின் மனைவி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். எளிதில் கண்டறிய முடியாத கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் வந்தேன். நான்கு நிமிடம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எண்ணைச் சொன்னது நான் என்று பாத்தாச்சு உங்களிடம் மூன்று தரம் சொன்னாராம். "அந்தப் பொண்ணா? அது வாயே திறக்காதே" என்று சிரித்தீர்களாம். பாவம், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவர் உண்மையைச் சரியாகச் சொன்னார். "நாற்பது காலியா இருக்கும், பாருங்க சார்" என்றேன். அணைத்த பிறகுதான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அன்று மாலை நடைவழியில் அந்த அக்கா என்னை நிறுத்தினார்.

"கேக்கும்னு சொன்னியே, பாப்பா."

நான் பதில் சொல்லவில்லை. பதில் வரவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. பாத்தாச்சுவுக்குக் கடைசிவரை புரியாதது, அந்த அக்காவுக்காவது புரிந்திருக்கும்.