எடுக்காத அஞ்சலி

— நாப்பத்தோரு மணி நேரம் ஆச்சு அண்ணாச்சி, நான் மெயில் போட்டு. புகார் வந்தா முப்பத்தாறு மணி நேரத்துல நடவடிக்கைன்னு ஒங்க வெப்சைட்டுலயே போட்டிருக்கீக. நான் இன்னும் செத்துத்தான் கெடக்கேன்.

— அது வேற எதுலயோ பாத்துக் காப்பியடிச்சது தாயி. நீ யாரு?

— பரளச்சி ஊரு உக்கிரபாண்டி மக அமுதவள்ளி. கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துல மாலையும் குத்துவெளக்குமா சிரிச்சுக்கிட்டு இருக்கேன்ல, அது நான்தான்.

— ஒக்காரு.

— ஒக்கார வரல. அழிங்க.

— சட்டப்படி பாத்தா, நான் வெப்சைட்டுல எடத்த வாடகைக்கு விடுறவன். செவரு என்னுது, போஸ்டரு ஒட்டுறவன் எவனோ. அவன் எழுதுனதுக்கு நான் பொறுப்பில்ல.

— கீழ வாசல்ல ‘நோட்டீஸ் ஒட்டாதே’ன்னு எழுதியிருக்கு.

— அது கட்டடத்துக்காரரு எழுதுனது.

— அவரு செவத்து மேல அவருக்கு இருக்குற அக்கறை ஒங்க செவத்து மேல ஒங்களுக்கு இல்ல.

— வாயி சாஸ்திதான் ஒனக்கு.

— செத்தவளுக்கு என்ன பயம். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன் வேலை கெடச்சிருக்கு. திங்கக்கெழமை சேரணும். எம்பேரத் தட்டுனா ஒங்க பக்கந்தான் மொதல்ல வருது. செத்த புள்ளையோட சர்டிபிகேட்ட வச்சு வேற எவளோ வந்திருக்கான்னு நெனைக்காக. ஆதார் கார்டக் குடுத்தா, அதையே திருப்பித் திருப்பிப் பாக்காக.

— கொஞ்ச நாள் பொறுத்துச் சேரக் கூடாதா?

— என்னன்னு லீவு கேக்க? எங்கருமாதிக்கா?

— கோவப்படாத தாயி. போட்டவுக வந்து சொன்னா, அப்பவே எடுத்துருவேன்.

— எங்கய்யாவா வந்து சொல்லுவாரு? சாதி விட்டுக் கட்டிக்கிட்டேன்னு என்னையத் தலை முழுகுனவரு. அதுல என்ன எழுதியிருக்குன்னாச்சும் பாத்தீகளா? ‘செல்வி அமுதவள்ளி’யாம். கல்யாணம் முடிச்சவளுக்குச் செல்வி. சாவுலகூட எம்புருசன் பேரு ஒட்டிரக் கூடாது அவருக்கு.

— பாத்தேன்.

— பாத்துட்டுத்தான் விட்டு வச்சீகளா? அப்பறம் என்ன செவரு, வாடகைன்னு கதை? மனுசி உயிரோட இருக்கான்னு தெரியுமா தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சே... நல்லா இருப்பீக அண்ணாச்சி. நேரா போலீஸ் டேசனுக்குத்தான் போறேன். யாரு போட்டதுன்னு அங்க சொல்லுங்க.

— போகாத. கேஸுன்னு போனா நீ இருக்குற எடம் ஒங்க அண்ணன் காளீஸ்வரனுக்குத் தெரிஞ்சு போகும்.

— எங்கண்ணன் இதுல எங்க வந்தான்?

— யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் தாயி.

— எங்கய்யாவுக்கா? என்னையக் கொன்னவருக்குப் பண்ணுன சத்தியம் ஒங்களுக்குப் பெருசு. எடத்துக்குப் பொறுப்பில்ல, எழுத்துக்குப் பொறுப்பில்ல, பொய்க்கு மட்டும் பொறுப்பாக்கும்?

— போட்டது ஒங்கய்யா இல்ல. ஒங்கம்மா. முந்தானையில போட்டோவ முடிஞ்சுக்கிட்டு, ஒத்தையில பஸ்ஸேறி வந்தாக. ‘பெத்த புள்ளைக்கு இப்பிடிச் செய்யலாமா’ன்னு கேட்டேன். ‘எம்மவன் அருவாளத் தீட்டி வச்சுக்கிட்டு அலையுறான் அண்ணாச்சி. ஊரு வந்து துக்கம் கேட்டுட்டா, அதக் கீழ வச்சிருவான். செத்தவள எவனும் ரெண்டாந்தரம் வெட்ட மாட்டான்ல’ன்னாக.